செருப்பு சின்னதில்லை

திண்டுக்கல்,
ஈஸ்டர் கழிந்த செவ்வாய்.

அன்பு மகன் பிராங்கிளினுக்கு அம்மா எழுதுவது. கனடாவில் நீயும் ரூபியும் பிள்ளையும் மாதா தயவில் நன்றாக இருப்பீர்கள். நானும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனில் நீ கேட்டால் வாய் தானாக நல்லாயிருக்கேன் என்று சொல்லிவிடுகிறது, அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், பக்கத்து வீட்டு சகாயசெல்வி போட்டோ எடுத்து அனுப்புவாள்.

இந்த வருஷம் பெரிய வியாழனன்று கோயிலில் சாமியார் பாதம் கழுவிவிடும் பன்னிரண்டு பேரில் என்னையும் சேர்த்திருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, புதுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். சாமியார் முழங்கால் போட்டுத் தண்ணீர் ஊற்றித் துண்டால் ஒற்றினார், அவர் பெருவிரல் பட்ட இடம் குழியாகவே நின்றுவிட்டது. என்னம்மா கால் இம்புட்டு வீங்கியிருக்கு, மகன்கிட்ட சொன்னீங்களா என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா பக்தியில உருகிட்டாங்க என்று சகாயசெல்வி தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். பக்தியும் இல்லை ஒன்றும் இல்லை. உன் அப்பா போனபின் என் காலை ஒருவர் கையில் தாங்கிப் பிடித்தது அன்றைக்குத்தான்.

நேற்று சகாயசெல்விதான் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். போன வருஷம் நீ லீவு போட்டு வந்து எனக்கு வைக்கச்செய்துவிட்டுப் போன பேஸ்மேக்கர் நன்றாகத்தான் ஓடுகிறதாம். அதிலிருந்து இதயத்துக்குள் போகும் வயர் ஒரு வால்வு வழியாகப் போகிறது, அந்த வால்வு இப்போது சரியாக மூடவில்லை, ரத்தம் பின்னால் கசிகிறது, அதுதான் வீக்கம் என்றார் டாக்டர். சிலருக்கு இப்படி ஆகுமாம், யார் தப்பும் இல்லையாம். நீர் பிரிய மாத்திரை கொடுத்திருக்கிறார். அதோடு முடியாதாம், வயரை மாற்றி வால்வைச் சரிசெய்ய ஆபரேஷன் வேண்டியிருக்கும், இந்த வயதில் ஆபத்தும் உண்டு, கலந்து பேச உங்களுக்கு யாரு இருக்கா என்றார். இருக்காங்க என்று ரோஷமாகச் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டைத் திறந்தால் காலையில் குடித்த காபி டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கிறது. பயமாக இருக்கிறதப்பா.

அங்கே இன்னும் குளிர் விடவில்லை என்றாயே, பிள்ளைக்குக் குல்லாய் போடாமல் வெளியே தூக்கிப்போகாதே. மாதா உங்கள் மூவரையும் காக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய செருப்பு சின்னதாக இருக்கிறது என்றேன், பெரிய சைஸ் அனுப்பினாய், அதிலும் கால் நுழையவில்லை என்றேன், அடுத்த ஜோடிக்கு ஆர்டர் போடுவதாகச் சொன்னாய். செருப்பு சின்னதில்லை அப்பு, என் கால்தான் வீங்கிக்கொண்டே வந்தது. இனி செருப்பு அனுப்பாதே. நீ வா.

உன் அம்மா,
ஆனந்தமேரி