எதிர்ப்பக்கம் ஓடும் கோடு

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. நீங்களும் அண்ணாவும் பிரிந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாள் ஒரு வரி எழுதாதவள் காரியம் வந்ததும் எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள், பாதி உண்மைதான். உங்கள் போன் எண் இருக்கிறது. பல முறை எடுத்துவிட்டுக் கீழே வைத்துவிட்டேன். போனில் பேசினால் முதலில் அழுவேன், அப்புறம் எதற்குக் கூப்பிட்டேன் என்பதே மறந்துபோகும். முகவரியை வங்கியில் வேலை பார்க்கும் உங்கள் தோழியிடம் கெஞ்சி வாங்கினேன். அவரைத் திட்டாதீர்கள்.

கைவினைக் கண்காட்சிக்கு என் கண்ணாடி மணிகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் அண்ணி! செய்தி வந்த அன்று கால் தரையில் பாவவில்லை. மறுநாளே பயம் பிடித்துக்கொண்டது. தினமும் காலையில் மாலைகளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு மணியாகத் திருப்பிப் பார்க்கிறேன், விரிசல் விட்டிருக்கிறதா என்று. சரியாக ஆறாத மணி மாதக்கணக்கில் நல்ல பிள்ளைமாதிரி இருந்துவிட்டு ஒருநாள் பட்டென்று இரண்டாகும் என்று நீங்கள் சொன்னது காதிலேயே நிற்கிறது.

கண்காட்சிக்கு ஒரு புத்தகம் அச்சிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். 'இந்த வேலையை யார் யாரிடம் கற்றீர்கள், யாருடைய பாதிப்பு உண்டு' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். காஸ் கடைக்காரரை எழுதினேன். குழாயில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்க்கக் கற்றுக்கொடுத்தவர், அவர் இல்லையென்றால் நானும் இல்லை, சமையலறைச் சுவரும் இல்லை. பயிற்சி வகுப்பு ஆசிரியரை எழுதினேன். சூளையில் வைத்து மெல்ல ஆறவிடுவதை அவர்தான் பழக்கினார். வீடியோவில் மணி செய்யும் அந்த நரைமுடி அம்மாளையும் எழுதினேன். அவர் பேசும் மொழி ஒரு வார்த்தை புரியாது, கை புரியும்.

முதல் இடத்தை மட்டும் காலியாக வைத்திருக்கிறேன். அங்கே உங்கள் பெயரைப் போட அனுமதி கேட்கத்தான் இந்தக் கடிதம். போட்டால் வீட்டில் பூகம்பம் வரும் என்று உங்களுக்கே தெரியும். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் வேறு. இன்னொன்று, எந்த இனிஷியல் போடுவது? அண்ணா பெயரின் எழுத்தைப் போட்டால் அவன் குதிப்பான். இந்த மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். தயவுசெய்து பதில் போடுங்கள்.

உங்கள்,
பரபரப்பு

(நீங்கள் வைத்த பெயர்தான். வேறு யாரும் இப்போது அப்படிக் கூப்பிடுவதில்லை.)


மார்ச் 9

என் அருமைப் பரபரப்பே,

உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்துபோய் நின்றபடியே பிரித்தேன். கண்காட்சியா! சந்தோஷம்டி. ரொம்ப ரொம்பச் சந்தோஷம். கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நான் இப்போது கண்ணாடிக் கடையில் இருக்கிறேன், மூக்குக் கண்ணாடி. லென்ஸை ஃபிரேமுக்குத் தகுந்தபடி தேய்த்துக் கொடுக்கும் வேலை. கண்ணாடியை விட்டு நான் போனாலும் அது என்னை விடுவதாக இல்லை.

மணி செய்வது நின்றுவிட்டது. வீட்டுக்காரம்மா சிலிண்டர் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால்தான் கண்ணாடி உருக்கும் பர்னரை உன்னிடமே விட்டு வந்தேன். காஸ் வரும் அதன் மூக்கு இன்னும் அடைத்துக்கொள்கிறதா? அடைப்பை எடுக்கக் குண்டூசி போடாதே, மெல்லிய பித்தளைக் கம்பி போடு.

உன் மணிகள் வெடிக்காது. சும்மா சும்மா எடுத்துத் திருப்பாதே, உன் கையில் இருந்து விழுந்துதான் உடையும்.

இனிஷியலுக்கு வருகிறேன். எனக்கு இப்போது எங்கள் அப்பா எழுத்துதான், பள்ளிக்கூடச் சான்றிதழில் இருந்த பழைய எழுத்து. உன் அண்ணன் நிம்மதியாக இருக்கலாம்.

மற்ற விஷயத்தில் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. அனுமதி வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். எதற்கு? போடுவதற்கா, விடுவதற்கா? போடுவதற்கு என்றால் யாரும் அனுமதி கேட்கமாட்டார்கள், போட்டுவிட்டுத் தகவல் சொல்வார்கள். 'வேண்டாம்மா, எதுக்கு வம்பு, என் பெயரெல்லாம் வேண்டாம்' என்று நான் பெருந்தன்மையாக எழுதினால் உனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரும், அப்படித்தானே? அந்த வரி இந்தக் கடிதத்தில் இல்லை, தேடாதே.

உன் இஷ்டப்படி செய். மணிகளின் படம் அனுப்பு.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 16

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உங்களோடு மனசுக்குள் சண்டை போட்டேன். மூன்றாம் நாள் நீங்கள் சொன்னது சரி என்று தெரிந்துபோய், என்மேல் கோபம் வந்தது. படங்கள் வைத்திருக்கிறேன். பித்தளைக் கம்பி போட்டேன், பர்னர் இப்போது சத்தமில்லாமல் எரிகிறது.

போன வாரம் தேர்வுக்குழுப் பெண்மணி ஒருவர் வீட்டுக்கு வந்து நான் வேலை செய்வதைப் பார்த்தார். மணிகளை ஒரு பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "உங்க மணியில எல்லாம் சுருள் கோடு எதிர்ப்பக்கமா ஓடுது. நீங்க இடது கைக்காரரா?" என்றார். இல்லை என்றேன். சோறு வலது கையில், எழுத்து வலது கையில். கண்ணாடிக் குச்சி மட்டும் இடது கையில், மணி சுற்றும் கம்பி வலது கையில். அவர் விடவில்லை. "அப்படி யார் சொல்லிக் குடுத்தாங்க?"

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையே அண்ணி. ஒரே பர்னர், ஒரே மேஜை, நீங்கள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். உங்கள் கை போன பக்கம் என் கையும் போயிற்று. கண்ணாடியில் முகம் பார்க்கிறமாதிரி எல்லாம் மாறி வந்துவிட்டது. அவரிடம் இதைச் சொல்ல வாய் திறந்தேன். அம்மா அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். "அப்படியே பழகிடுச்சு" என்று சொல்லி மழுப்பினேன். அவர் எழுதிக்கொண்டு போனார்.

மறுநாள் அம்மாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "அந்தப் பேச்சு இந்த வீட்டுல வேண்டாம்" என்று எழுந்து போய்விட்டார். அண்ணாவுக்கு போன் செய்தேன். கத்துவான் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை, அதுதான் கஷ்டமாகப் போயிற்று. "ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் என் தங்கச்சி புத்தகத்துல வரான்னு சொல்லி வச்சிருக்கேன். அதுல முதல் பேரே அவளோடதுன்னா நான் எப்படிக் காட்டுவேன்? எனக்கு வலிக்காதா?" என்றான். அவனுக்கும் வலிக்கும்தானே அண்ணி? நான் யார் பக்கம் நிற்பது?

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். 'இந்த வேலையில் என்னை இறக்கிவிட்ட என் குடும்பத்தாருக்கு முதல் நன்றி' என்று போடுகிறேன். அந்தக் குடும்பத்தார் என்றால் நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். யாருக்கும் மனசு நோகாது. சரியா? சரி என்று ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள்.

உங்கள்,
பரபரப்பு


மார்ச் 21

அன்புள்ள பரபரப்புக்கு,

படங்களைப் பார்த்தேன். அந்த நீல மணியில் வெள்ளைக் கோடு ஓடுவதைக் கடை லென்ஸ் வைத்து ரொம்ப நேரம் பார்த்தேன். நானே செய்து யாரோ திருப்பி வைத்தமாதிரி இருந்தது.

நீ கேட்ட வார்த்தை என்னிடம் இல்லை. நான் உன் குடும்பத்தார் இல்லை. கோர்ட்டில் கையெழுத்துப் போட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவள் நான். அன்று யாரும் வாசல்வரை வரவில்லை, நீயும் மாடியில்தான் நின்றாய். அதற்காக உன்மேல் குறையில்லை, சின்னப் பெண், என்ன செய்வாய். ஆனால் குடும்பம் என்று எழுதினால் படிக்கிறவர்கள் உன் அம்மாவை நினைப்பார்கள், உன் அண்ணனை நினைப்பார்கள். அவன் அந்த பர்னரை என்ன சொல்வான் என்று ஞாபகம் இருக்கிறதா? 'வீட்டைக் கொளுத்தற விளையாட்டு.' அவனுக்கு நன்றி போய்ச் சேரும்.

போன கடிதத்தில் உன் இஷ்டம் என்று எழுதினேன். அது வீம்பு. இப்போது வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எனக்கு வேண்டும். என் பெயர் அந்தப் பக்கத்தில் வரவேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. அந்த வீட்டில் ஏழு வருஷம் இருந்தேன். குழந்தை இல்லை, ஃபோட்டோக்களை எல்லாம் எடுத்திருப்பார்கள். நான் அங்கே இருந்தேன் என்பதற்கு மிச்சம் உன் கை ஒன்றுதான். அது எதிர்ப்பக்கம் சுற்றுகிறது என்று யாரோ ஒரு அம்மாள் பூதக்கண்ணாடி வைத்துக் கண்டுபிடித்தார், நீ 'பழகிடுச்சு' என்றாய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நானும் உன்னைப்போலத்தான் ஆவேன். எனக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று நீ கேட்டதே இல்லை. பர்னர் வாங்கிய புதிதில் ஒரு மணிகூட உருண்டையாக வராது எனக்கு, எல்லாம் தொங்கிப்போன மூக்குமாதிரி இருக்கும். நீ கல்லூரிக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் உன் அம்மா வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, "நெருப்பைப் பாக்காதே. கண்ணாடியைப் பாரு. தொங்க ஆரம்பிச்சப்புறம் சுத்தினா லேட்டு, அதுக்கு முன்னாடியே கை ஓடிக்கிட்டு இருக்கணும்" என்றார். என் கையைப் பிடித்துச் சுற்றியும் காட்டினார். கல்யாணத்துக்கு முன் ஊசிமருந்துக் குப்பி செய்யும் தொழிற்சாலையில் இருந்தாராம். நாள் முழுக்கக் கண்ணாடிக் குழாயை நெருப்பில் காட்டி வாயை மூடும் வேலை. உன் அப்பா இருந்தவரை அதை வெளியே சொல்லக் கூடாது, மருமகளிடம் சொல்லித் தீர்த்துக்கொண்டார். எத்தனையோ மத்தியானம் அப்படிப் பேசியிருக்கிறோம். உன் மாமியார் எப்படி என்று யாராவது கேட்டால் இப்போதும் இதைத்தான் சொல்கிறேன்.

ஆகவே என் பெயரைப் போடுவதானால் அவர் பெயரும் வரவேண்டும். என் பெயரைப் போடாவிட்டாலும் அவர் பெயரைப் போடு.

இனி என்னைக் கேட்டு எழுதாதே. தினமும் கடை விட்டதும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கும் வயது எனக்கு இல்லை, ஆனாலும் பார்க்கிறேன். ஒரு முடிவு எடு. எது என்றாலும் அதை மட்டும் எழுது. என் பெயரை விடுவதுதான் முடிவு என்றால் இதுவே கடைசிக் கடிதமாக இருக்கட்டும். உன்மேல் பிரியம் போகாது. பழகுவதுதான் என்னால் முடியாது.

அண்ணி


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தத் தடவை அனுமதி கேட்கவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே பக்கத்தை எழுதி அனுப்பிவிட்டேன். ஒரு ராத்திரி வைத்திருந்தால் பயம் வந்துவிடும் என்று தெரியும். அனுப்பியபிறகு அன்று பர்னரைப் பற்றவைக்கவே இல்லை. அதன்பிறகு அம்மாவிடம் உங்கள் கடிதத்தில் குப்பித் தொழிற்சாலை வரும் இடத்தை மட்டும் படித்துக் காட்டினேன். அம்மா எழுந்து சமையலறைக்குப் போனார். வெந்நீர் வைக்கப் போனவர் அடுப்பைப் பற்றவைக்காமலே நின்றுகொண்டிருந்தார். பிறகு நான்கு நாட்கள் என்னிடம் பேச்சில்லை. சாப்பிட வா என்பதைக்கூடத் தட்டைச் சத்தமாக வைத்துத் தெரிவித்தார். அண்ணி, நான் எல்லோரையும் இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

நேற்று சரிபார்ப்பதற்காக அச்சுத்தாள் வந்தது. நேரம் பார்த்து அண்ணாவும் வந்துவிட்டான். விஷயம் அவனுக்கு எப்படியோ எட்டியிருந்தது. முன் அறையில் உட்கார்ந்து, "அனுப்பினதைத் திருப்பி வாங்கு, இன்னும் அச்சாகலையே" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் அச்சுத்தாளை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்து நின்றேன். அம்மாவுக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை ஆனதிலிருந்து சின்ன எழுத்துப் படிக்க முடிவதில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "நீ என்ன எழுதியிருக்கேன்னு படி" என்றார்.

படித்தேன். இதுதான் அது.

'நெருப்பைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்க்க வேண்டும் என்பது என் அம்மா சொன்னது. குப்பித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் அவர். என்னிடம் அதைச் சொல்லவில்லை, என் அண்ணியிடம் சொன்னார். அண்ணி எனக்கு ஒன்றுமே சொல்லவில்லை, எதிரே உட்கார்ந்து செய்தார், நான் பார்த்துச் செய்தேன். அதனால்தான் என் மணிகளில் கோடு எதிர்ப்பக்கம் ஓடுகிறது. அது பிழையல்ல. எனக்கு எதிரே ஒருவர் இருந்தார்.'

இதன்கீழே உங்கள் முழுப் பெயர், உங்கள் அப்பாவின் எழுத்தோடு. அம்மா பெயர் அதற்கடுத்து. காஸ் கடைக்காரர், ஆசிரியர், வீடியோ அம்மாள் எல்லாம் அப்புறம்.

முதல் வரியை நன்றாகத்தான் படித்தேன். உங்களைப் பற்றிய இடம் வந்ததும் முன் அறையில் அண்ணா இருக்கிறான் என்ற நினைப்பில் என் குரல் தானாக இறங்கிவிட்டது. உங்கள் பெயர் எனக்கே கேட்கவில்லை.

அம்மா கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சத்தமாப் படி. அவனுக்கும் கேக்கட்டும்."

உங்கள்,
பரபரப்பு