வியாழக்கிழமை சோடியம்

அண்ணே, இன்று காலை லேபில் ஒரு பெரியவரின் ரத்தத்தை மெஷினில் வைத்தேன். சோடியம் நூற்றிருபத்து மூன்றுக்கு இறங்கியிருந்தது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஏறுமுகம். வார்டும் நீ இருந்த அதே வார்டு. கையுறையைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

தாராவியிலிருந்து டாக்சியில் செம்பூருக்கு, நான் வேலை பார்க்கும் இதே ஆஸ்பத்திரிக்கு உன்னைக் கொண்டுவந்தபோது கால் இரண்டும் வீங்கியிருந்தன. படுத்தால் மூச்சு முட்டியது. இதயம் தளர்ந்து உடம்பெல்லாம் தண்ணீர். நீர் பிரிய ஊசி போட்டார்கள். மூன்றே நாளில் ஆறு கிலோ இறங்கினாய். பொட்டாசியம் குறைந்தது, மருந்து கொடுத்துச் சரிசெய்தார்கள். கிரியாட்டினின் சற்று ஏறியது. "தண்ணி நல்லா இறங்கும்போது இது கொஞ்சம் ஏறும், பயப்படாதீங்க" என்றார் டாக்டர்.

உன் ரத்தத்தைத் தினமும் பார்த்தவள் நான்தான். டீ நேரத்தில் கட்டிலருகே வந்தால், "ஏட்டி, பாஸா பெயிலா?" என்பாய். "பர்ஸ்ட் கிளாஸ்" என்பேன். "பொய் சொல்லுத. நான் என்னைக்கு பர்ஸ்ட் கிளாஸ் வாங்கிருக்கேன்?" சிரிப்பாய், உடனே இருமல் வரும். முதுகைத் தடவிக்கொடுப்பேன்.

வியாழக்கிழமை சோடியம் சரிந்துவிட்டது. ஊசியின் அளவைக் கூட்டியும் சிறுநீர் இறங்கவில்லை. கிரியாட்டினின் இந்த முறை ஏறியது வேறு மாதிரி, இதயத்தோடு சிறுநீரகமும் கைவிடுகிற ஏற்றம். பதினெட்டு வருஷமாக இந்த எண்களோடு கிடப்பவளுக்கு அது தெரியாதா? தெரிந்தது. ஆனால் நோயாளி பக்கத்தில் நல்ல வார்த்தைதான் பேச வேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாம்.

அன்று நீ கேலி பேசவில்லை. "பாண்டிக்கு அம்பர்நாத் பேக்டரியில ரெண்டு ஷிப்டு ஓடுதாம். நாளைக்கு வேலைக்கு லீவு போட்டுட்டு வரச் சொல்லவா? அவனப் பாக்கணும் போல இருக்கு" என்றாய். உனக்கு இருப்பது அவன் ஒருவன்தான், ஒரே மகன். நான் போர்வையை இழுத்துவிட்டபடி, "அவனை எதுக்கு அலைய விடுத? எல்லாம் நல்லாத்தான் வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை வரட்டும்" என்றேன். படித்தவள் சொல்கிறாள் என்று நீயும் தலையாட்டினாய்.

சனிக்கிழமை விடியும்போது போய்விட்டாய்.

பாண்டி என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். "வெள்ளிக்கிழமையே கெளம்பினேன் அத்தே. நல்லாருக்குன்னு நீங்க சொன்னதா அப்பா போன்ல சொன்னாவ. அதான் ஷிப்டுக்குப் போயிட்டேன்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

எனக்கு என்மேல் இன்றும் ஆத்திரம்தான். அண்ணே, உன் உயிரை என்னால் பிடித்துவைத்திருக்க முடியாது, அது எனக்குத் தெரியும். அந்த வெள்ளிக்கிழமையை உனக்குக் கொடுத்திருக்க முடியும்.