உங்களைச் சந்தேகப்பட்ட அந்த இரண்டு வாரம்

சிஸ்டர்,

இன்று மதியம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தலைவலி என்று வந்தாள். நோயறை அலமாரியிலிருந்து யூகலிப்டஸ் தைலத்தை எடுத்து மூடியைத் திறந்தேன். அவ்வளவுதான், நீங்கள் பக்கத்தில் வந்து நின்றதுபோல் இருந்தது. உங்கள் விரல்களில் எப்போதும் அந்த வாசம் இருக்கும். யார் வந்தாலும் முதலில் நெற்றியில் தைலம் தேய்ப்பீர்கள். தேய்த்துக்கொண்டேதான், "காலையில என்ன சாப்பிட்ட?" என்று பேச்சைத் தொடங்குவீர்கள்.

நீங்கள் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அப்போது நான் நம் பள்ளியில் சேர்ந்து நான்கு மாதம். சாக்கோட்டையிலிருந்து வருகிறவள். கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் பள்ளி எனக்குப் புதிது. மாணவியர் நலன் உங்கள் பொறுப்பு. சிற்றாலயத்துக்குப் போகும் வழியில் பச்சைத் தகரப் பெட்டி ஒன்றைப் பூட்டி வைத்திருந்தீர்கள். பிள்ளைகள் தங்கள் குறையை எழுதி அதில் போடலாம். வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்ததும் இரண்டு ஆசிரியைகள் முன்னால் திறப்பீர்கள். சாவி உங்களிடம் மட்டும்.

ஒரு வியாழக்கிழமை, என் வகுப்பு ரேவதி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு ரோஸ் தாளை அந்தப் பெட்டியில் போட்டதைப் பார்த்தேன். மறுநாள் பெட்டி திறக்கும்போது நானும் கணக்கு டீச்சரும் நின்றோம். கழிப்பறைத் தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது, குழாயில் தண்ணீர் இல்லை, வீட்டுப்பாடம் அதிகம். மொத்தம் ஏழு சீட்டு, ஏழும் வெள்ளை. "இம்புட்டுத்தான்" என்று பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டினீர்கள். யாரும் கேட்காதபோது ஏன் தட்டிக் காட்ட வேண்டும்? அந்த நொடியில் எனக்குள் சந்தேகம் புகுந்தது.

அதற்குப் பிறகு நீங்கள் செய்ததெல்லாம் எனக்குத் தப்பாகவே பட்டது. திங்கட்கிழமை ரேவதியை நோயறைக்குள் வைத்துக் கதவை ஒருக்களித்துப் பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் எட்டிப் பார்த்ததும் பேச்சு நின்றது. சாயங்காலம் வேன்கள் கிளம்பும்போது கேட்டருகே நின்று சின்ன நோட்டில் ஏதோ குறித்தீர்கள். அந்த வாரமே ரேவதி வேனில் வருவது நின்றது. அவள் அம்மா ஸ்கூட்டியில் கொண்டுவந்து விட்டார். ஏன் என்று அவளிடம் நான் கேட்டதற்கு, தரையைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணுமில்ல மிஸ்" என்றாள். நீங்கள்தான் அவள் வாயை அடைத்துவிட்டீர்கள் என்று முடிவு கட்டினேன். பள்ளியின் பெயர் கெடாமல் இருக்க ஒரு பிள்ளையின் கடிதத்தை ஒளித்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். தூணுக்குப் பின்னால் நின்று உங்களைக் கவனித்தேன். ஒருநாள் திரும்பிப் பார்க்காமலே, "வெயில்ல நிக்காதீக டீச்சர், உள்ள வாங்க" என்றீர்கள். அதையும் மிரட்டலாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் தலைமை சிஸ்டரிடம் எழுத்தில் புகார் கொடுத்தேன். அவர் நம் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். என் கடிதத்தை உங்களிடம் நீட்டினார். நிதானமாகப் படித்தீர்கள். பிறகு உங்கள் பையிலிருந்து அந்த ரோஸ் தாளின் நகலை எடுத்து என் முன்னால் வைத்தீர்கள்.

"சாயங்காலம் வேன்ல டிரைவர் அண்ணன் என்னைய முன்சீட்ல உக்காரச் சொல்றாக. எனக்குப் பயமா இருக்கு." அதற்குக் கீழே இன்னும் நாலு வரி. அதை இங்கே எழுத மாட்டேன்.

"தினம் சாயங்காலம் நானே ஒருக்கா பெட்டியத் தெறந்து பாத்துருவேன்" என்றீர்கள். "வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்காத சீட்டும் வருமில்ல. இதை எல்லார் முன்னாடியும் எப்படிப் படிக்க? அந்த வேன் கணக்கு டீச்சரோட கொழுந்தனார் வண்டி."

அந்த வெள்ளிக்கிழமையே ரேவதியின் வீட்டுக்குப் போயிருந்தீர்கள். அவள் அம்மாவை அழைத்துக்கொண்டு குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் மகளிர் காவல் நிலையத்துக்கும் நடந்திருந்தீர்கள். நான் புகார் எழுதிய அன்று மதியம்தான் அந்த டிரைவரைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

எனக்கு முகம் எரிந்தது. "நான் அவளோட கிளாஸ் டீச்சர். என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே சிஸ்டர்?"

"உங்களையும் எனக்குத் தெரியாதே டீச்சர்" என்றீர்கள். குரலில் கோபமே இல்லை. "காலையில நீங்க அந்த வேன்லதான வாரீக. முன்சீட்ல."

ஆமாம். தினமும் காலையில் நான் உட்கார்ந்து வந்த இடம் அது. நான் ஏறும்முன் அந்த டிரைவர் துண்டால் இருக்கையைத் தட்டிவிடுவான். ரமலான் நோன்பு நாட்களில் எனக்காகப் பாட்டை நிறுத்திவிட்டு ஓட்டுவான். எவ்வளவு மரியாதையான பிள்ளை என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். சாயங்காலம் சிறப்பு வகுப்பு இருந்ததால் நான் பஸ்ஸில் திரும்புவேன். அப்போது அந்த இடம் காலி.

அன்றே உங்களிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க, கடிதாசி எழுதுற ஆளும் பள்ளிக்கூடத்துக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டீர்கள். பின்னால் நாம் எட்டு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். கடைசியில் சிறுநீரகம் கெட்டு நீங்கள் படுத்திருந்தபோது பார்க்க வந்தேன். "இன்னும் என்னையச் சந்தேகப்படுறீகளா?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். இல்லை என்றேன். "நிறுத்தாதீக. ஆனா ஒளிஞ்சு பாக்காம நேர்ல வந்து கேளுங்க."

அன்றும் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன். அந்தச் சீட்டு போடுவதற்குப் பத்துநாள் முன்னால், வேனிலிருந்து இறங்கும்போது ரேவதி என்னிடம் கேட்டாள்: "மிஸ், சாயங்காலமும் நீங்க வேன்லயே வாங்களேன்." ஸ்பெஷல் கிளாஸ் இருக்குப்பா என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஏன் கேட்கிறாய் என்று கேட்கவில்லை. இரண்டு வாரம் உங்கள் கை, உங்கள் நோட்டு, உங்கள் கதவு என்று துருவிய எனக்கு, அவள் கேட்ட அந்த ஒரு வார்த்தையில் சந்தேகம் வரவில்லை. பிள்ளை முதலில் வந்தது என்னிடம், சிஸ்டர்.

ரேவதி இப்போது நர்சிங் முடித்துவிட்டாள். என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வாள், நிற்க மாட்டாள். அவளை நான் நிறுத்தியதும் இல்லை.

மாணவியர் நலன் இப்போது என் பொறுப்பு. போன மாதம் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மூன்று நாளாக மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. எவ்வளவு கேட்டும் பேசவில்லை. முன்பு என்றால், என்னிடம் சொல்லவில்லையே என்று வருத்தப்பட்டிருப்பேன். "என்கிட்டச் சொல்ல வேண்டாம்மா. இந்தப் பள்ளிக்கூடத்துல யாருகிட்டச் சொல்லுவ?" என்று கேட்டேன். வராந்தா கூட்டுகிற அக்காவின் பெயரைச் சொன்னாள். நானே போய் அந்த அக்காவைக் கையிலிருந்த துடைப்பத்தோடு கூட்டிவந்து உள்ளே விட்டேன். கதவைத் திறந்தபடியே வைத்துவிட்டு, பேச்சு காதில் விழாத தூரத்தில் போய் நின்றேன். ஒரு பாடவேளை முழுக்க நின்றேன். அக்கா வெளியே வந்து, பிள்ளையின் சம்மதத்தோடு சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்.