பாவுக்குக் கை

ஆவணி 8, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். காற்றே இல்லை. ரேஷன் கடைக்குப் போக வேண்டும், சீமெண்ணெய் தீர்ந்துவிட்டது. குடைக்குக் கம்பி மாற்ற வேண்டும்.

பக்கத்து வீட்டு ஏகாம்பரம் (நீளமான பெயர், இனி ஏ.) மெஷின் வைத்து இன்றோடு பத்து நாள். பட்டு நூல் முறுக்குகிற மெஷின், மோட்டாரில் ஓடுவது. அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். சுவரை ஒட்டித்தான் என் தறி. காலை ஆறு மணிக்குப் போட்டானென்றால் விளக்கு வைக்கிற வரைக்கும் கர்ரென்று ஒரே இரைச்சல். சத்தம் எனக்குப் புதிதல்ல, நாற்பது தறி ஓடுகிற தெரு. ஆனால் தறி நடுவே கொஞ்சம் மூச்சு விடும். இந்தச் சனியனுக்கு மூச்சே கிடையாது.

உடலும் கரையும் வேறு நிறமாகக் கோர்த்து நெய்கிற கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர். உடலை நான் நெய்ய, அந்தப் பக்கத்துக் கரைக்குக் கனகா நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுவாள். நான் "ஆங்" என்றால் அவள் தள்ள வேண்டும். அவள் "ஊம்" என்றால் நான் மிதிக்க வேண்டும். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம், எங்கள் பேச்சில் பாதி இதுதான். இப்போது ஆங்கும் கேட்பதில்லை, ஊமும் கேட்பதில்லை. இன்று நாலு விரல் அகலத்துக்குக் கரை தப்பிவிட்டது. அதைப் பிரித்ததில் மத்தியானம் போயிற்று.

ஆவணி 9, செவ்வாய்

ஏ. வீட்டுக்குப் போனேன். மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன்.

"மத்தியானம் ரெண்டு மணி நேரம் நிறுத்துப்பா. கோர்வை தப்பிக்கினே இருக்குது."

"கரண்ட்டு எப்போ வருது எப்போ போவுதுன்னு யாருக்குத் தெரியும்? வர்றப்போ ஓட்டிக்கணும்" என்றான். பிறகு, "உன் தறிச் சத்தத்தை இருபது வருஷமா கேட்டுக்கினு இருக்கேன், சம்பந்தம். ஒரு நாளு வந்து நிறுத்துன்னு சொன்னேனா?"

அவன் கேட்டது நியாயம்தான். அதனாலேயே கோபம் தலைக்கு ஏறியது. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன். அவன் மகள் செல்வி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

ரேஷன் கடையில் சீமெண்ணெய் இல்லையாம். வியாழக்கிழமை வரச் சொல்கிறான்.

ஆவணி 11, வியாழன்

வெயில். சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து தறிமேல் விழுகிறது. ஊதி ஊதித் துடைத்தேன். கனகா, "விடுங்க, அவரும் பொழைக்கணுமில்ல" என்றாள். பொழைக்கட்டுமே, என் காதில்தான் பொழைக்க வேண்டுமா?

சாயங்காலம் தெருப் பெரியதனக்காரர் துரைசாமி வீட்டுக்குப் போய் முறையிட்டேன். வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டார். அவருக்கு ஏற்கெனவே அவன்மேல் ஏதோ இருந்திருக்க வேண்டும், நான் முடிப்பதற்குள் தீர்ப்பு தயார்.

"மெஷினை நிறுத்தற வரைக்கும் அவன் பாவுக்கு எவனும் கை குடுக்கக் கூடாது. அவ்ளோதான். வாயால சொன்னா காத்துல போயிடும், எழுதிடு. உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்."

நான் கேட்கப் போனது மத்தியானம் இரண்டு மணி நேரம். அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உட்கார்ந்து எழுதினேன். எழுதும்போது சந்தோஷமாகவே இருந்தது. இந்த நோட்டில் பொய் எழுதி என்ன ஆகப் போகிறது.

ஏ.வுக்கும் ஒரு தறி உண்டு. பாவுக்கு ஆள் வராவிட்டால் நெசவாளி செத்தான். புடவையின் நீளவாட்டுப் பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அது காய்வதற்குள் இழை இழையாகப் பிரித்துவிட வேண்டும். எட்டு ஆளாவது வேண்டும். கூலி கிடையாது. இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. இந்தத் தெரு உண்டான நாளிலிருந்து அப்படித்தான்.

ஆவணி 14, ஞாயிறு

பஜனை மடத்தில் கூட்டம். காகிதத்தைப் பெரியதனம் என்னையே படிக்கச் சொன்னார். படித்தேன். ஒவ்வொருவராக வந்து கையெழுத்தும் கைநாட்டும். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே போட்டார்கள், கல்யாணத்துக்கு மொய் எழுதுகிற மாதிரி.

எதிர்வீட்டு ரத்தினம்மா மட்டும் போடவில்லை. தெலுங்குக்காரம்மா, புருஷன் போன பிறகு தானே தறியில் உட்கார்ந்து நெய்கிறவள். யார் வீட்டுப் பாவானாலும் முதல் ஆளாக வந்து நிற்பாள்.

"நாக்கொத்துப்பா, எனக்கு வேணாம். பாவுக்கு வர்ற கையை எழுதிவெச்சு நிறுத்தறது நான் எங்கயும் கேட்டதில்ல."

பெரியதனம் அவளைப் பார்த்துக்கொண்டே வெற்றிலையை மென்றார்.

ஆவணி 17, புதன்

ஏ. இன்று பாவு போட்டான்.

விடிந்ததும் அவன், பெண்டாட்டி, செல்வி, மூன்றே பேர். அரக்குச் சிவப்புப் பாவு. நல்ல நிறம். தெருவில் ஒரு கதவுகூட முழுசாகத் திறக்கவில்லை, ஒருக்களித்து நின்றன. மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. அவனும் பார்த்தான், ஆனால் கஞ்சி தெளித்தாகிவிட்டது, சுருட்டவும் முடியாது. மூன்று பேரும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினார்கள். இங்கே பிரித்தால் அங்கே ஒட்டிக்கொண்டது.

கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கனகா, "நான் போவட்டுமா?" என்றாள். "கையெழுத்துப் போட்டிருக்கோம்" என்றேன். அவள் உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்டினாள்.

தூறல் விழுந்ததும் ரத்தினம்மா தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். ஒரு தார்ப்பாய் எவ்வளவு தூரத்துக்கு வரும்? பிறகு மழை கொட்டிவிட்டது. சிவப்பு கரைந்து சாக்கடையில் ஓடியது. என் வீட்டு வாசற்படி வரைக்கும் வந்தது.

ஏ. யாரையும் திட்டவில்லை. அழவும் இல்லை. நனைந்துகொண்டே நின்று கதவு கதவாகப் பார்த்தான். என் கதவைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்த மாதிரி இருந்தது.

இரவு சாப்பிடும்போது கனகா சொன்னாள், குழாயடியில் கேட்டாளாம். அது செல்வி கல்யாணத்துக்கு அவனே நெய்ய இருந்த புடவைக்கான பாவு. இதை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால்? சொல்லியிருந்தாலும் போயிருப்பேனா என்று தெரியவில்லை.

ஆவணி 18, வியாழன்

மெஷின் ஓடவில்லை.

கோர்வை தப்பவே இல்லை. ஆங், ஊம், எல்லாம் கணீரென்று. முக்கால் முழம் நெசவு ஏறியது. சீமெண்ணெய் கிடைத்தது, ஒரு போத்தல்.

ஆவணி 20, சனி

இன்றும் இல்லை. பேச்சுச் சத்தமும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நடமாட்டம் மட்டும் கேட்கிறது. என்ன செய்கிறான்? வேலை ஓடவில்லை எனக்கு, காது சுவரிலேயே இருக்கிறது. குடைக் கம்பி இன்னும் மாற்றவில்லை.

ஆவணி 23, செவ்வாய்

குழாயடியில் செல்வி கனகாவிடம் கேட்டிருக்கிறாள்: "உங்க பாவு எப்போ அத்தை? அப்பா கேட்டுக்கினு வரச் சொன்னாரு."

இவள் வெள்ளிக்கிழமை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். கத்தினேன். "கேட்டா சொல்லாம எப்படி?" என்கிறாள்.

எதற்காகக் கேட்கிறான்? முதலாளி கொடுத்த பட்டு, மூன்று புடவைக்கான பாவு, நடுத்தெருவில் திறந்து கிடக்கும். கெட்டுப்போனால் இனி எவனும் எனக்கு நூல் தர மாட்டான். கவனிக்க வேண்டியவை:

பிளேடு. உள்ளங்கையில் அரை பிளேடு இருந்தால் யாருக்கும் தெரியாது.
சுண்ணாம்புத் தண்ணீர்.
எண்ணெய்.
மாட்டை அவிழ்த்துவிடுவது.

பெரியதனத்திடம் சொன்னேன். சிரித்தார். "அவன் ஒண்டி ஆளுப்பா. உன் பின்னால தெருவே இருக்குது." அது எனக்குத் தைரியமாக இல்லை.

ஆவணி 26, வெள்ளி

சாயங்காலம் எழுதுகிறேன்.

விடிகாலை மூட்டம் இல்லை, நல்ல வானம். நானும் கனகாவும் பாவை இழுத்துக் கட்டிக் கஞ்சி தெளித்தோம். ஆட்கள் வர வேண்டிய நேரம். நிமிர்ந்து பார்த்தால் அந்தக் கோடியில் பாவு முனைக் கழியைப் பிடித்துக்கொண்டு ஏ. நிற்கிறான். எப்போது வந்தான் என்று தெரியாது. குனிந்திருந்தான். விரல்கள் அசைந்தன. என்ன செய்கிறான் என்று இங்கிருந்து தெரியவில்லை.

ரத்தினம்மா வந்து அவனுக்குப் பக்கத்தில் நின்று இழை பிரிக்க ஆரம்பித்தாள். மற்றவர்கள் வந்தார்கள், வந்தவர்கள் அப்படியே ஓரமாக நின்றார்கள். ஒருவரும் பாவைத் தொடவில்லை. பெரியதனம் மட்டும் வாய் திறந்தார்.

"அவன் கை பட்ட பாவுல நாங்க எப்படிப்பா கை வெக்கறது? நீதானே எழுதினே."

கஞ்சி காய்ந்துகொண்டிருந்தது. பாவுக்கு வந்த கையைத் திருப்பி அனுப்பக் கூடாது, அது எங்களில் பெரிய தப்பு, சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் என் கண் முழுக்க அந்த விரல்கள்மேல். அந்தக் கோடி வரைக்கும் நடந்தேன்.

"ஏகாம்பரம், நீ போயிடுப்பா."

"கஞ்சி காஞ்சிக்கினு இருக்குது" என்றான்.

"போயிடு."

கழியைக் கீழே போடவில்லை. கம்பத்தில் கட்டி, ஒரு தடவை இழுத்துப் பார்த்து, முடிச்சு நிற்கிறதென்று தெரிந்த பிறகுதான் விட்டான். என்னைத் தாண்டிப் போகும்போது மெல்லச் சொன்னான், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"அன்னிக்கு உன் காலு தெரிஞ்சுது சம்பந்தம். கதவுக்கு அடியில."

அவன் போனதும் எட்டுப் பேரும் இறங்கினார்கள். சிரிப்பும் பேச்சுமாக ஒரு மணி நேரத்தில் முடிந்தது. பாவு தப்பித்தது. "நல்ல காரியம் பண்ணே" என்று பெரியதனம் முதுகில் தட்டினார். ரத்தினம்மா முடிகிற வரைக்கும் நின்று பிரித்துக் கொடுத்துவிட்டு, மோர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

ஆவணி 27, சனி

பாவைத் தறியில் ஏற்றினோம். அந்தக் கோடி முனையைக் கையில் வைத்துக்கொண்டு கனகா என்னைக் கூப்பிட்டாள். கரை ஓரத்தில் பதினொரு இழை அறுந்து, பதினொன்றும் பிணைத்திருந்தது. கட்டும்போது நான் இழுத்த இழுப்பில் அறுந்திருக்க வேண்டும். எங்களுக்குத் தெரியவே இல்லை. அப்படியே விட்டிருந்தால் கரை முழுக்கப் போயிருக்கும்.

"இது யாரு போட்ட முடிச்சு?" என்றாள் கனகா.

தெரிந்துதான் கேட்டாள். தடவினால் விரலுக்கு அகப்படாத முடிச்சு. நான் பிளேடு என்று நினைத்தது இதைத்தான். மத்தியானம் இரண்டு தடவை அவன் வாசல் வரைக்கும் போய்த் திரும்பினேன். வெட்கமாக இருந்தது, வேறென்ன.

ஆவணி 29, திங்கள்

லேசான தூறல். தலைவலி.

பெரியதனம் வந்தார். வெள்ளைக் காகிதம் கையிலேயே கொண்டுவந்திருந்தார். கனகா மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு நிற்காமல் போனாள்.

"எதிர்வீட்டு அம்மா ரெண்டு தடவை தெருப் பேச்சை மீறிட்டாங்க. தார்ப்பாய் எடுத்துக்கினு ஓடினது ஒண்ணு. அவன்கூட நின்னு உன் பாவைத் தொட்டது ஒண்ணு. இதை வுட்டா நாளைக்கு எவன் மதிப்பான்?"

"எனக்காகத்தானே தொட்டாங்க" என்றேன்.

"அதான் நீயே எழுதணும்ன்றேன். அந்தம்மா பாவுக்கும் எவனும் கை குடுக்கக் கூடாதுன்னு."

அந்தம்மாவுக்கு அடுத்த வாரம் பாவு. ஒண்டிக்கட்டை, மூன்று பேர்கூடக் கிடையாது. பெரியதனத்திடம் அதைச் சொன்னேன். மோரைக் குடித்து முடித்துத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"உனக்கு அடுத்த பாவு எப்போ?" என்றார்.

புரட்டாசி கடைசி. எட்டு ஆள் வேண்டும்.

எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து எப்போதும்போல் நன்றாகவே வந்தது.