காந்தம் இல்லாத முருகன்

முருகன் துணை

அகரம்,
ஐப்பசி மாதம், வெள்ளிக்கிழமை.

என் தங்க மகள் யுவராணிக்கு அம்மா சிவனம்மாள் எழுதுவது. இங்கே நான், அப்பா, மாடு, கன்று எல்லோரும் சுகம். இந்தக் கடிதம் வந்து சேரும்போது நீ ஆகாசத்தில் இல்லாமல் தரையில் இருந்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று பழநியாண்டவனை வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீ கூப்பிடுகிற நேரமெல்லாம் உங்கப்பா கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். முகம்தான் அந்தப் பக்கம், காது இந்தப் பக்கம். அந்தக் காதை வைத்துக்கொண்டு நான் எதைப் பேச முடியும்? சாப்பிட்டியா, குளிருதா என்பதோடு முடிந்துவிடுகிறது. நீயும் அதனால்தானே போன தடவை கடிதமாக எழுதினாய். அதைத் தாடிக்கொம்புக் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து படித்தேன். நடுநடுவே இங்கிலீஷ் வார்த்தை வந்த இடத்தில் டிக்சனரியைப் புரட்டிப் புரட்டி, நடை சாத்துகிறவரை படித்தேன். உர மூட்டையையும் மாத்திரை அட்டையையும் பார்த்து நானாகக் கற்றுக்கொண்ட இங்கிலீஷுக்கு உன் கடிதம் கொஞ்சம் கனம்தான்.

ஆவணியில் நீ மேகத்துக்குள் மாட்டி, வழி தவறி, யாரோ ஒரு விவசாயியின் சோளக்காட்டு மண்பாதையில் விமானத்தை இறக்கினாய் என்று கேட்ட நாளிலிருந்து உங்கப்பா உன்னோடு பேசவில்லை. ஆஸ்பத்திரி ரத்தக் குப்பியை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு பறக்க அந்த நாட்டில் வேற ஆளே கிடையாதா, இவ ஒருத்திதானா என்று என்னிடம் சத்தம் போட்டார். பறக்கிறதா இருந்தா எனக்குப் போன் போட வேண்டாம்னு சொல்லிரு என்றார். நீ அதற்கு, அப்பா வாயால் சரி என்று வராமல் அடுத்த வருசத்துக்குக் கையெழுத்துப் போடமாட்டேன், கார்த்திகை பிறக்குமுன் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். சின்னப் பிள்ளையில் குப்புறப் படுத்துத் தும்பிக்குப் பின்னால் கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தவள் நீ. அந்த வரியைப் படித்த பிறகு எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

நீ எழுதியதை நான் புரிந்துகொண்டது சரிதானா என்று பார். ஆவணிக்குப் பிறகு நீ வாங்கியது வழிகாட்டுகிற ஜி.பி.எஸ். ஒன்று, சாட்டிலைட்டிலிருந்து மழை மேகத்தைப் படமாக வாங்கிக் காட்டுகிற ரிசீவர் ஒன்று, இரண்டும் கையில் கழற்றி எடுத்துக்கொண்டு போகிற மாதிரிச் சின்னது. விமானம் உன்னைவிட மூத்த கிழடு என்பதால் முன்பலகையை வெட்டிப் பொருத்தாமல், மேலாகவே வைக்கச் சொல்லிவிட்டார்கள். ஆன்டெனாவை முன் கண்ணாடிக்குக் கீழே, வானம் தெரிகிற மாதிரி வெல்குரோ வைத்து ஒட்டினாய். ரிசீவரைப் பக்கத்து சீட்டுக்கு அடியில் வைத்தாய். வயரை எல்லாம் ஓரமாகக் கட்டி, ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்த்தாய், எங்கேயும் சிக்குகிறதா என்று. அதைப் படித்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது. கிரைண்டர் வயரைக் காலில் தட்டாமல் சுருட்டி வைக்க உனக்குச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டிருக்கிறது.

இனிமேல்தான் நீ அப்பாவிடம் சொல்லாதே என்று எழுதிய விசயம்.

புதுக் கருவியை வைத்துவிட்டு ஓடுபாதையில் மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது, ஜி.பி.எஸ். ஒரு திசை சொல்ல, காம்பஸ் வேறு திசை சொன்னதாம். ஓடுபாதையில் எழுதியிருக்கிற திசையோ ஜி.பி.எஸ்.ஸோடு ஒத்துப் போனதாம். மெக்கானிக் குனிந்து பார்த்து, காம்பஸ் பக்கத்தில் ஒட்டியிருந்த நம் முருகனை, இது என்ன பொம்மை என்று எடுத்ததும் காம்பஸ் முள் ஆடி ஆடித் தன் இடத்துக்குப் போய்விட்டதாம். அடியில் பசைத் தாள் ஒட்டியிருந்ததால் உள்ளே காந்தம் இருந்தது உனக்குத் தெரியவில்லை. முதலில் அது ஓரத்தில் இருந்தவரை ஒன்றும் இல்லை. ஆவணியில் கண்ணாடி துடைக்கும்போது, சாமி நடுவில் இருக்கட்டும் என்று காம்பஸ் பக்கத்தில் மாற்றி வைத்தாயே, அங்கேதான் வந்தது வினை, நீ வழி தவறியதும் அதனால்தான். கிளம்பும்போது காம்பஸைப் பார்த்துத்தான் மற்ற திசைக் கருவியையும் திருப்பி வைப்பாயாம். முதல் பக்கத்துக் கூட்டலைத் தப்பாக எடுத்து அடுத்த பக்கத்தில் எழுதினால் கடைசிவரை தப்பாகவே வருமே, அது மாதிரி. அது எனக்கு உடனே விளங்கிவிட்டது.

அந்த முருகன் உங்கப்பா தைப்பூசத்துக்கு நடந்து போனபோது அடிவாரத்தில் வாங்கியது. உனக்குப் பார்சல் கட்டும்போது முறுக்கு டப்பாவுக்கு அடியில் அவர்தான் சொருகினார். காரில் வைக்கிற சாமிதான், இவ ஓட்டுறதும் ஒரு வண்டிதானே என்றார். உனக்கும் அது தெரியும். அதனால்தான் சொல்லாதே என்றாய்.

சொல்லக் கூடாது என்றுதான் ஆத்தா நானும் இருந்தேன். ஆயுத பூசைக்கு அரிவாள், மண்வெட்டி, மோட்டார் சுவிட்சு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தபோது, நீ விமானத்துக்குப் பக்கத்தில் நிற்கிற போட்டோவையும் அரிவாளுக்கு அருகில் சாத்தி வைத்தேன். உங்கப்பா பார்த்தார், எடுக்கச் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, நான் கொடுத்த சாமி என்னாச்சு, அதுவும் சோளக்காட்டுல விழுந்துருச்சா என்று கேட்டார். சாமி பேரை வைத்துக் கேட்டால் நான் பொய் சொல்லமாட்டேன் என்று உனக்குத் தெரியும். சொல்லிவிட்டேன். பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார்.

விடிந்ததும் மலைச்சாமியின் குட்டியானை வண்டி பூ மூட்டை ஏற்ற வந்தது. உங்கப்பா முன்பக்கம் ஏறி, அங்கே ஒட்டியிருந்த முருகனைப் பிடுங்கினார். டக்கென்று வந்தது. மறுபடி கதவுத் தகரத்தில் வைத்தார், டக்கென்று ஒட்டியது. என்னண்ணே, உங்க சாமிய மகளுக்கு அனுப்புனது பத்தாதுன்னு எங்க சாமியவும் அனுப்பப் போறீகளா என்று மலைச்சாமி சிரித்தான். இவர் சிரிக்கவில்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது அதனிடம் போய், நான் குடுத்ததே எம்புள்ளைய இழுத்துட்டுப் போயிருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் வைக்கோல் எடுக்கிற மாதிரி பின்னால் நின்று கேட்டேன். போச்சு, இனி இந்த மனுசன் வாயே திறக்கமாட்டார், நம்ம புள்ள மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

வாயைத் திறக்க வைத்தது மழை. சின்ன வெங்காயம் பறித்துக் களத்தில் காயப் போட்டிருந்தோம். இப்போது உங்கப்பா போனில் மேகப் படம் பார்க்கப் பழகிவிட்டார். சிறுமலைப் பக்கம் கருத்துக் கிடந்தது. தார்ப்பாயைப் போடுவோமா என்று நான் கேட்டதற்கு, படத்துல மழை இன்னும் நத்தம் பக்கமே நிக்கிது, செத்த நேரம் காயட்டும், அம்புட்டும் ஈரம் என்றார். அவர் போனைச் சட்டைப் பையில் போட்டாரோ இல்லையோ, பொத்துக்கொண்டு ஊற்றியது. இரண்டு பேருமாக நனைந்துகொண்டே தார்ப்பாயை இழுத்தோம். பாதி வெங்காயம் தப்பியது. மீதியை வீட்டுக்குள் பரப்பியிருக்கிறேன், கால் வைக்க இடமில்லை. உன் கட்டில் மேலும் வெங்காயம்தான்.

தலையைத் துவட்டிக்கொண்டே உங்கப்பா என்னிடம், அவ வாங்கியிருக்கிற மிசினும் இதே லட்சணந்தானா என்று கேட்டார். ஆவணிக்குப் பிறகு உன் வேலையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

நான் ஓடிப்போய்க் கடிதத்தை எடுத்து வந்து படித்துக் காட்டினேன். மேகப் படம் அந்த நிமிசத்துப் படம் இல்லை, சாட்டிலைட் வழியாக வந்து சேருவதற்குள் மேகம் நகர்ந்திருக்கும், எத்தனை நிமிசம் பழசு என்று படத்தின் ஓரத்திலேயே போட்டிருக்கும், அதை நம்பி இரண்டு மழைக்கு நடுவில் புகுந்து போகக் கூடாது, தூரத்திலேயே பார்த்துச் சுற்றிப் போகவும் கிளம்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்யவும்தான் அது என்று நீ எழுதியிருந்தாயே, அந்த இடம். ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். இதெல்லாம் அவளுக்குத் தெரியுதா என்றார். தெரிஞ்சதுனாலதானே எழுதியிருக்கா, நீங்கதான் தெரியாம வெங்காயத்த நனைச்சீக என்றேன். கோபம் வரும் என்று பார்த்தேன். நம்ம போன்ல ஓரத்துல ஒண்ணும் போடக் காணோமே என்று போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அப்புறம் முதலிலிருந்து படி என்றார். படித்தேன். வெல்குரோ என்றால் என்ன என்றார். உங்க மழைச்செருப்புல சர்ருன்னு பிரிக்கிறீகளே அதுதான் என்றேன். நடு வானத்தில் பாட்டரி தீர்ந்துபோனால் என்ன செய்வாள் என்றார். விமானத்திலிருந்தே கரண்டு போகும், தனியாக ஒரு பாட்டரியும் உள்ளே இருக்கிறது என்று நீ எழுதியதைக் காட்டினேன். அது ரெண்டும் கெட்டா என்றார். காம்பஸ் இருக்கிறதே, இப்போது அது சரியாகக் காட்டுகிறதே என்றேன். சுவரில் இருக்கிற பழநியாண்டவர் படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

செவ்வாய்க்கிழமை என்னையும் கிளப்பிக்கொண்டு பழநிக்குப் பஸ் ஏறினார். மலையேறித் தரிசனம் முடித்து இறங்கியதும் அடிவாரத்தில் கடை கடையாக நுழைந்தார். என் தையல் டப்பாவிலிருந்து ஓர் ஊசியை எடுத்து நூலில் கட்டிக் கொண்டு வந்திருக்கிறார், எனக்கே அங்கேதான் தெரியும். ஒவ்வொரு சாமிக்குப் பக்கத்திலும் அந்த ஊசியைத் தொங்கவிட்டுப் பார்க்கிறார். ஒரு கடைக்காரர், ஏனுங்க, சாமிய ஊசியில குத்திப் பார்த்து வாங்குற ஆள இன்னைக்குத்தானுங்க பார்க்கிறேன் என்றார். குத்தலய்யா, ஊசிய இழுக்குதான்னு பார்க்கேன், எம்மக விமானம் ஓட்டுறா, அதுக்குள்ள இரும்புச் சாமி ஆகாது என்று உங்கப்பா சொன்னார். கடையில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எம்மக விமானம் ஓட்டுறா என்று அவர் வேற்று ஆளிடம் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை கண்ணு. நான் விபூதி பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடைசியில் கிடைத்தது மரத்தில் செதுக்கிய முருகன், கட்டைவிரல் உயரம். வேலும் மரம்தான். ஊசி அசையவில்லை. வீட்டுக்கு வந்து இன்னொரு தடவையும் பார்த்தார். நான் சின்னாளபட்டிச் சுங்குடித் துணியில் ஒரு சின்னப் பை தைத்து, கொக்கி வைக்காமல் நூலால் முடிச்சுப் போட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தோடு பார்சலில் வருகிறது. கூடவே வருகிற விபூதிப் பொட்டலத்தை மெசின் மேல் கொட்டிவிடாதே. பொட்டு வைத்தே ஆக வேண்டும் என்றால் பெட்டி ஓரத்தில் வை, படம் தெரிகிற கண்ணாடியில் வேண்டாம்.

பையை எங்கே வைக்கச் சொல்ல என்று உங்கப்பாவிடம் கேட்டேன். முன்னாடி வேண்டாம், பின்சீட்டுல வைக்கச் சொல்லு, வழி சொல்றதுக்குத்தான் மிசின் வந்துருச்சுல்ல, முருகன் கூட வந்தாப் போதும் என்றார். பார்சலை ஒட்டும்போது இன்னொன்றும் சொன்னார். அதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். படத்த அப்புறம் பாக்கட்டும், மொதல்ல சன்னல் வழியா வானத்தப் பாக்கச் சொல்லு.

சரி என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முப்பது வருசமாக அவரோடு குடித்தனம் செய்கிறேன், அவர் கணக்கை எனக்குக் கூட்டத் தெரியும். கையெழுத்தைப் பற்றி நீயே முடிவு செய்துகொள்.

என்னிடமிருந்து ஒரே ஒரு வேண்டுதல். பார்சல் வந்ததும் முருகனைப் பின்சீட்டில் வைத்து, ஜி.பி.எஸ்.ஸும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடு. அதை என் போனுக்கு அனுப்பாதே ஆத்தா, அப்பா போனுக்கு அனுப்பு. அவர் உடனே பதில் போடமாட்டார். ஆனால் அந்தப் போனை அவர் இப்போது தலையணைக்கு அடியில் வைத்துத்தான் படுக்கிறார்.

ஏறுகிற இடமும் இறங்குகிற இடமும் உனக்கு நல்லதாகவே அமையட்டும். நடுவில் இருக்கிற வானத்தை அவன் பார்த்துக்கொள்வான்.

உன் அம்மா,
சிவனம்மாள்