சீதனக் காணிக்கு வராத தண்ணீர்

இஞ்சருங்கோ, தமிழ்க் கடையில் இன்று நல்ல சின்ன வெங்காயம் வந்திருந்தது. உங்கள் முப்பத்தோராம் நாள் சமையலுக்கென்று வாங்கி வந்து, டோர்செட் பார்க் அப்பார்ட்மென்ட் குசினியில் உரித்துக்கொண்டிருக்கிறேன். மணம் மூக்கில் ஏறியதுமே உங்கள் மேல் கோபம் வந்துவிட்டது. செத்த மனிதரோடு கோபிக்கலாமா என்று சனம் கேட்கும். கேட்கட்டும்.

நீங்கள் கமக்காரனாகத்தான் என்னைக் கட்டினீர்கள். விடிய முன் மண்வெட்டியோடு போய்ப் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவீர்கள். பிறகு கிராமச்சபை வந்தது, மேடை வந்தது, வெள்ளை வேட்டி வந்தது. நீங்கள் சபைத் தலைவரானதும் மண்வெட்டி என் கைக்கு வந்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. தலைவரின் மனைவி என்று எனக்கும் அப்போது கொஞ்சம் புளுகம், பெருமைதான்.

பங்குக் கிணற்றில் கிழமைக்கு ஒருநாள்தான் எங்கள் தோட்டத்துக்கு இறைப்பு முறை. வெங்காயம் பருக்கிற நேரம், மழையும் இல்லை. எலெக்சன் கிட்ட வந்ததும் நீங்கள் என்ன செய்தீர்கள்? எங்கள் முறையை, உங்களை எதிர்த்து வேலை செய்த ஆட்களுக்கு விட்டுக்கொடுத்தீர்கள். நான் போய் நின்றபோதுதான் தெரிந்தது. வாய்க்காலில் தண்ணீர் அடுத்த தோட்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"தலைவர் தனக்குத்தான் தண்ணி எடுக்கிறார் எண்டு சனம் கதைக்கக் கூடாது" என்றீர்கள்.

"அது என்ர சீதனக் காணி. என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?"

"பொதுவாழ்க்கை எண்டா உப்பிடித்தான்."

எலெக்சன் முடியுமட்டும் எங்களுக்குத் தண்ணீர் வரவில்லை. வெங்காயத் தாள் மஞ்சளாகிச் சாய்ந்தது. தண்ணீர் வாங்கின ஆட்களோ, "இறைப்பைக் குடுத்து வோட்டு வாங்கப் பாக்கிறார்" என்று ஊரெல்லாம் சொல்லி உங்களைத் தோற்கடித்தார்கள். நன்றி கெட்ட சனம்!

இந்த நாட்டுக்கு வந்த பிறகும், கோப்பிக் கடையில் அதே ஆட்கள் "தலைவர், தலைவர்" என்றால் உங்களுக்கு உச்சி குளிர்ந்துவிடும். கடைசியாக ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்தீர்கள். இப்போதாவது அந்தக் காணியைப் பற்றி ஏதும் சொல்லுவார் என்று குனிந்தேன்.

"ஊர்ச்சனம் ஆரும் வந்ததோ?" என்றீர்கள்.

செத்தவீட்டுக்கு வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் ஊர்ச்சங்கச் செயலாளர் மைக்கைப் பிடித்து, "தன்ர வெங்காயத்தைக் காயவிட்டு ஊருக்குத் தண்ணி விட்ட கமக்காரன்" என்றார். தன்ர வெங்காயமாம்! நான் எழும்பினேன். "அன்ரி, ஹோல் டைம் முடியுது, இருங்கோ" என்று என்னை இருத்திவிட்டார்கள்.

முப்பத்தோராம் நாள் எல்லோருக்கும் கொடுக்கிற கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகத்திலும் அதே வரியைப் போடப் போவதாக, நேற்றுச் செயலாளர் போனில் வாசித்துக் காட்டினார்.

"தம்பி, மனுசியின்ர காணி எண்டு போடுங்கோ."

"அன்ரி, தலைவற்ர பேருக்கு அது வடிவா இருக்காதே."

"அப்ப அந்த வரியே வேண்டாம். எடுத்துவிடுங்கோ."

எடுத்துவிட்டார். அதில் எனக்குச் சந்தோசமும் இல்லை. காய்ந்த வெங்காயத்தை எப்போதோ மறந்துவிட்டேன், மனிதரே. நீங்கள் கேட்காத அந்த ஒரு சொல்தான் இத்தனை தூரம் என்னோடு வந்திருக்கிறது. கேட்டிருந்தால், நானே மண்வெட்டியை எடுத்து வாய்க்காலைத் திருப்பி விட்டிருப்பேன்.