அடியில் படிந்த வெள்ளை

நாரோ மோரு,
6 ஜூலை 1987

வைரிமுவின் அப்பாவுக்கு, கத்தோனி எழுதுவது.

நானும் மகளும் சுகம். இரண்டு வருஷத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் உங்கள் கை தேய்ந்தா போயிருக்கும்?

குளத்து ட்ரவுட் மீன்களுக்குத்தான் சுகமில்லை. உடம்பைக் கல்லில் தேய்க்கின்றன. தண்ணீர் விழும் இடத்தில் கூடி நின்று மூச்சுக்குத் திணறுகின்றன. நீங்கள் விட்டுப்போன பார்மலின் மருந்து கொட்டகையில் இருக்கிறது. இந்தக் குளிரில் அடியில் வெள்ளையாக என்னவோ படிந்திருக்கிறது. ஊற்றலாமா? எவ்வளவு? பக்கத்துத் தோட்டத்து முகோ, "மருந்துன்னா மருந்துதான், நல்லா குலுக்கி ஊத்து தாயி" என்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை. உங்கள் பதிலுக்குப் பொறுத்திருக்கிறேன்.

அன்று "இந்த வாசலை மிதிக்காதீங்க" என்றது நான்தான். அதே வாயால் இப்போது கூப்பிடுகிறேன், வாருங்கள்.

கத்தோனி

மொம்பாசா,
27 ஜூலை 1987

கத்தோனிக்கு,

குலுக்காதே, ஊற்றாதே! வெள்ளை படிந்துவிட்டால் அது மீனுக்கு விஷம். மேலே தெளிந்திருப்பதையும் தொடாதே. இறுக மூடி மீன்துறைக்காரர்களிடம் கொடுத்துவிடு. புதுசு வாங்கு. நூறு லிட்டருக்குப் பதினைந்து மில்லி, ஒரு மணி நேரம், காலைக் குளிர்ச்சியில். பிறகு புதுத் தண்ணீர் விடு. முதலில் ஐந்து மீனைத் தனியாகத் தொட்டியில் விட்டுப் பார். கையுறை போடு, ஆவி மூக்கில் ஏறாமல் பார்த்துக்கொள்.

கடிதம் பத்தாம் தேதியே வந்துவிட்டது. உறையில் உன் கையெழுத்து. உறவே வேண்டாம் என்று உன் அண்ணன் எழுதவைத்திருப்பான் என நினைத்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டே ஐஸ் ஆலைக்குப் போய்வந்தேன். இன்றுதான் பிரிக்கத் துணிந்தேன். ஆகஸ்ட் நடுவில் வருகிறேன்.

கிதின்ஜி

நாரோ மோரு,
3 ஆகஸ்ட் 1987

வைரிமுவின் அப்பாவுக்கு,

பதினாறு நாள் பொறுத்தேன். மீன்கள் தினம் பத்து, இருபது என்று செத்து மிதக்க ஆரம்பித்தன. இருபத்திரண்டாம் தேதி காலை ஊற்றினேன். உச்சிப்பொழுதுக்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வைரிமு ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு, "அம்மா, இது இன்னும் வாயை அசைக்குதும்மா" என்று ஓடைக்கு ஓடினாள். சமைக்கக் கேட்டு வந்தவர்களுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் குழி வெட்டிப் புதைத்தேன்.

ஊற்றியது என் கை. அதற்கு உங்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் என் கடிதத்தைப் பதினேழு நாள் பிரிக்காமல் வைத்திருந்தீர்களே! மகளுக்குக் காய்ச்சல் என்று அதில் எழுதியிருந்தால்? இதை நினைத்த பிறகு எனக்கு வேறெதுவும் நினைக்க வரவில்லை.

வரவேண்டாம். வைரிமுவுக்கு எழுதுங்கள், அவள் காத்திருப்பாள். நான் காத்திருந்து முடித்துவிட்டேன்.

கத்தோனி